வில்லியம் ஸ்டில்: விடுதலைக்குப் பேரேடு எழுதியவர்

கடை நடத்துகிறவர்களுக்குக் கணக்குப் புத்தகத்தின் அருமையை நாம் சொல்லித் தெரிய வேண்டியதில்லை. நாள்வழியில் என்றோ ஏறிய ஒரு வரி, பத்து ஆண்டு கழித்து ஒரு வழக்கையே தீர்த்து வைத்ததை நம் அங்கத்தினர்களில் பலர் கண்டிருப்பார்கள். இன்று கணக்கெல்லாம் கணினியில் ஏறிவிட்டது. எனினும் நம் முன்னோர் மரப்பெட்டிக்குப் பின்னே சம்மணமிட்டு அமர்ந்து எழுதிய பேரேடுகள் இன்னும் சில வீடுகளில் பழந்துணியில் சுற்றி வைக்கப்பட்டிருக்கின்றன.

அமெரிக்காவில் பிலடெல்பியா நகரத்திலும் அவ்விதம் ஒரு புத்தகம் இருக்கிறது. அதில் சரக்கின் பெயர் இல்லை. மனிதர்களின் பெயர்கள் இருக்கின்றன. அடிமைத்தளையிலிருந்து தப்பி, இரவோடு இரவாக அந்நகரத்துக்கு வந்து சேர்ந்தவர்களின் பெயர், வயது, உயரம், நிறம், எந்த ஊர், யார் வீட்டில் அடிமை, அங்கே யாரை விட்டு வந்தார், இனி என்ன பெயர் வைத்துக்கொள்ளப் போகிறார் என்பதெல்லாம் வரிசையாக எழுதப்பட்டிருக்கின்றன. அவர்களுக்காக வண்டிச் சத்தத்துக்கும் சாப்பாட்டுக்கும் ரயில் சீட்டுக்கும் ஆன செலவும் எழுதப்பட்டிருக்கிறது. அதை எழுதியவர் வில்லியம் ஸ்டில் என்னும் கறுப்பின மனிதர். ஒரு சங்கத்தின் ஆபீசில் கூட்டிப் பெருக்கவும் குமாஸ்தா வேலை பார்க்கவும் அமர்த்தப்பட்டவர். பிற்காலத்தில் நிலக்கரி வியாபாரத்தில் நல்ல நிலைக்கு வந்தவர். அவருடைய வாழ்க்கையை இவ்விதழில் சுருக்கமாகச் சொல்ல முயல்கிறோம்.

தாயின் கதை

வில்லியத்தின் கதை, அவர் பிறப்பதற்குப் பல ஆண்டுகளுக்கு முன்பே மேரிலாந்து மாநிலத்தின் கிழக்குக் கரையில் தொடங்குகிறது. அங்கே லெவின் என்பவரும் அவருடைய மனைவி சிட்னியும் அடிமைகளாக இருந்தார்கள். லெவின் அரும்பாடுபட்டுப் பணம் சேர்த்து, எசமானனுக்குக் கொடுத்து, தம்மைத் தாமே விலைக்கு வாங்கிக்கொண்டார். வாங்கியவரும் விற்கப்பட்ட பண்டமும் ஒருவரே என்ற விசித்திரமான வியாபாரம் அது. சுதந்திர மனிதரானதும் அவர் வடக்கே நியூ ஜெர்சிக்குப் போனார். மனைவியையும் நான்கு பிள்ளைகளையும் வாங்குவதற்குப் பணம் ஏது? ஆகவே சிட்னி, இரண்டு ஆண் பிள்ளைகளையும் இரண்டு பெண் பிள்ளைகளையும் கூட்டிக்கொண்டு ஒளிந்து தப்பிக் கணவரிடம் போய்ச் சேர்ந்தார். சில நாட்கள்தாம் சேர்ந்து வாழ்ந்தார்கள். அடிமை பிடிப்பவர்கள் மோப்பம் பிடித்து வந்து, தாயையும் பிள்ளைகளையும் பிடித்துக்கொண்டு போய்விட்டார்கள்.

அதன் பிறகு இரவு நேரங்களில் அவரை மாடி அறை ஒன்றில் அடைத்துப் பூட்டி வைத்தார்கள். சில மாதங்கள் சென்றன. இனி ஓட மாட்டாள் என்று எண்ணிப் பூட்டுவதை நிறுத்தினார்கள். சிட்னி இரண்டாம் முறையும் தப்பினார். ஆனால் நான்கு பிள்ளைகளோடு அத்தனை தூரம் மறைந்து செல்ல முடியாது என்பதை முதல் பயணத்தில் கண்டிருந்தார். தூங்கிக்கொண்டிருந்த ஆண் பிள்ளைகள் இருவருக்கும் முத்தம் கொடுத்துவிட்டு, பெண் பிள்ளைகளை மட்டும் தூக்கிக்கொண்டு இருளில் இறங்கினார். மூத்தவன் லெவினுக்கு எட்டு வயது. இளையவன் பீட்டருக்கு ஆறு வயது.

இதைப் படிக்கும் தாய்மார்களில் சிலர் அவரைக் குறை கூறக்கூடும். நாம் கூற மாட்டோம். நான்கு பேரும் அடிமைகளாகவே மடிவதா, இருவரையாவது மீட்பதா என்று ஒரு தாயைத் தேர்ந்தெடுக்க வைத்த சட்டத்தின் மீதுதான் குற்றம்.

தாயைப் பிடிக்க முடியாத ஆத்திரமோ என்னவோ, அந்தச் சிறுவர்கள் இருவரும் தொலைதூரத்துக் கென்டக்கிக்கு விற்கப்பட்டார்கள். அங்கிருந்து பின்னர் தெற்கே அலபாமாவுக்குப் போனார்கள். சிட்னி தம் பெயரைச் சாரிட்டி என்று மாற்றிக்கொண்டார். ஸ்டீல் என்ற குடும்பப் பெயரும் அடையாளம் தெரியாதிருக்க ஸ்டில் என்று மாறியது. நியூ ஜெர்சியின் பைன் காடுகளுக்கிடையே சிறு நிலம் ஒன்றில் உழைத்து வாழ்ந்த அத்தம்பதிகளுக்கு மொத்தம் பதினெட்டுப் பிள்ளைகள். கடைசிப் பிள்ளைதான் 1821-ம் ஆண்டில் பிறந்த வில்லியம்.

கண்காணாமற் போன இரண்டு அண்ணன்மாரைப் பற்றித் தாய் சொல்லக் கேட்டே அவர் வளர்ந்தார். பள்ளிக்கூடம் போக முடிந்தது சொற்ப நாட்களே. விறகு வெட்டுவதும் நிலத்தில் வேலை செய்வதும்தான் இளமைக் காலம். எழுதப் படிக்கப் பெரும்பாலும் தாமாகவே கற்றுக்கொண்டார்.

ஆபீசுக்கு வந்த அந்நியர்

1844-ம் ஆண்டு வில்லியம் வெறுங்கையோடு பிலடெல்பியாவுக்கு வந்தார். கிடைத்த கூலி வேலைகளைச் செய்தார். 1847-ல் பென்சில்வேனியா அடிமை ஒழிப்புச் சங்கத்தின் ஆபீசில் வேலை கிடைத்தது. அதே ஆண்டில் லெட்டிஷியா என்ற பெண்ணை மணந்தார். அவர் தையல் வேலையில் கைதேர்ந்தவர். பிற்காலத்தில் இத்தம்பதிகளின் சிறிய வீட்டில் எத்தனையோ அகதிகள் உண்டு உறங்கிச் சென்றிருக்கிறார்கள். கணவரின் பெயர் வெளியே தெரிந்த அளவுக்கு, இரவு பகலாகச் சமைத்துப் போட்ட அந்த அம்மையாரின் பெயர் தெரியவில்லை என்பதில் நமக்கு வருத்தம்தான்.

1850-ம் ஆண்டு ஆகஸ்டு மாதம். வில்லியம் ஆபீசில் அமர்ந்து சங்கத்தின் பத்திரிகைகளைத் தபாலில் அனுப்புவதற்காகக் கட்டிக்கொண்டிருந்தார். ஐம்பது வயது மதிக்கத்தக்க ஒருவரை யாரோ அழைத்து வந்து விட்டார்கள். பெயர் பீட்டர், அலபாமாவிலிருந்து வருகிறார், நாற்பது ஆண்டுகளுக்கு முன் பிரிந்த பெற்றோரைத் தேடுகிறார். கறுப்பின மக்களின் தேவாலயங்களில் ஓர் அறிவிப்பு வாசிக்கச் செய்தால் யாருக்காவது நினைவு வரலாம் என்பது அவருடைய எண்ணம். பெற்றோரின் பெயர் என்னவென்று வில்லியம் வழக்கம்போல் கேட்டார். தந்தை லெவின், தாய் சிட்னி என்று பதில் வந்தது.

வில்லியத்தின் கை நின்றது. சாரிட்டி என்று ஊரார் அறிந்த தம் தாயின் பழைய பெயர், வீட்டாரைத் தவிர வேறு எவருக்கும் தெரியாது. ஆயினும் அவர் உடனே ஒன்றும் சொல்லவில்லை. ஊர், எசமானன், உடன்பிறந்தார் என்று ஒவ்வொன்றாகக் கேட்டு, எல்லாம் பொருந்துகிறதா என்று சரி பார்த்துக்கொண்டார். ஐயத்துக்கு இடமில்லை என்றான பிறகுதான், எதிரே இருப்பது அவருடைய தம்பி என்பதைத் தெரிவித்தார். பீட்டரால் நம்ப முடியவில்லை. தம்மைப் பிடித்துத் திரும்பவும் விற்பதற்கு ஏதோ சூழ்ச்சி நடக்கிறதென்றே முதலில் அஞ்சினார். சகோதரியைக் கண்டு, பின் தாயின் முகத்தைக் கண்ட பிறகே அச்சம் நீங்கியது. தந்தை காலமாகிவிட்டிருந்தார். தாய் மட்டும், எண்பது வயதை ஒட்டிய முதுமையில், உறக்கத்தில் விட்டு வந்த மகனை உயிரோடு பார்த்தார். மூத்தவர் லெவின் அலபாமாவிலேயே அடிமையாக மாண்டிருந்தார்.

பீட்டர் விடுதலை அடைந்த விதத்தையும் வியாபாரிகளாகிய நம் வாசகர்கள் அறிய வேண்டும். அலபாமாவில் டஸ்கம்பியா என்ற சிற்றூரில் ஜோசப் பிரீட்மன், ஐசக் பிரீட்மன் என்ற யூத சகோதரர்கள் கடை வைத்திருந்தார்கள். பீட்டர் அந்தக் கடையில் வாடகை ஆளாக வேலை பார்த்தவர். தமக்குக் கிடைத்த ஓய்வு நேரங்களில் கூடுதல் வேலை செய்து காசு சேர்த்திருந்தார். ஜோசப் பிரீட்மன் 500 அமெரிக்க வெள்ளி கொடுத்து அவரை எசமானர்களிடமிருந்து வாங்கினார். அந்தத் தொகையைப் பீட்டர் சிறுகச் சிறுகத் திருப்பிக் கொடுத்துத் தீர்த்ததும், ரசீது எழுதிக் கொடுத்து அவரை விடுவித்தார். வெளியூரிலிருந்து வந்த கடைக்காரன் ஓர் அடிமையை வாங்குகிறான் என்றால் லாபத்துக்குத்தான் என்று ஊரார் நினைத்தார்கள். நாணயம் தவறாத ஒரு கடைக்காரர் அங்கே இருந்திராவிட்டால், பீட்டர் பிலடெல்பியாவுக்கு வந்தே இருக்க மாட்டார்.

அன்றைய தினத்திலிருந்து வில்லியத்தின் மனம் ஒரு விஷயத்தில் உறுதிப்பட்டது. அந்த ஆபீசில் வேறு ஒருவர் அமர்ந்திருந்தால் பீட்டர் ஒரு நன்றி சொல்லிவிட்டுப் போயிருப்பார். உடன்பிறந்தவர்கள் ஒரே தெருவில் எதிரெதிரே நடந்து சென்றாலும் அறிந்திருக்க மாட்டார்கள். இப்படிப் பிரிந்த குடும்பங்கள் ஆயிரக்கணக்கில் இருக்கும்போது, வந்து போகிறவர்களின் விவரத்தை எழுதி வைத்தால் என்றேனும் ஒரு நாள் தாயும் பிள்ளையும் சேர வழி பிறக்கும் அல்லவா? அவர் எழுதத் தொடங்கினார்.

பாதாள ரயில்பாதை

பாதாள ரயில்பாதை என்ற பெயரைக் கேட்டு உண்மையாகவே பூமிக்கடியில் தண்டவாளம் போட்டிருந்ததாக எண்ணிவிட வேண்டாம். அது ஒரு பரிபாஷை. ஒளிந்துகொள்ள இடம் கொடுக்கும் வீடு ஸ்டேஷன். வீட்டுக்காரர் ஸ்டேஷன் மாஸ்டர். வழி காட்டிச் செல்பவர் கண்டக்டர். தப்பி வருகிறவர் பயணி. கறுப்பரும் வெள்ளையரும், படகோட்டிகளும் பண்ணையாரும், ஹோட்டல் சிப்பந்திகளும் கடைக்காரர்களும் இதில் இருந்தார்கள். பெரும்பாலோருக்குத் தமக்கு முன்னும் பின்னும் உள்ள ஸ்டேஷன் மட்டும் தெரியும். பிடிபட்டாலும் காட்டிக் கொடுக்க அதிகம் இராது.

1850-ம் ஆண்டில் அமெரிக்கக் காங்கிரஸ் ஒரு கொடிய சட்டத்தை நிறைவேற்றியது. தப்பி ஓடியவருக்கு உதவினால் 1,000 வெள்ளி வரை அபராதம், ஆறு மாதம் வரை சிறை. பிடிபட்டவர் தம் பக்கத்துச் சாட்சியம் கூற முடியாது. விசாரிக்கும் கமிஷனர் அவரை விடுவித்தால் ஐந்து வெள்ளி கட்டணம். எசமானனிடம் ஒப்படைத்தால் பத்து வெள்ளி. தராசுத் தட்டில் எந்தப் பக்கம் விரல் வைக்கப்பட்டிருந்தது என்பதைத் தராசு பிடித்துப் பழகியவர்கள் உடனே கண்டுகொள்வார்கள்.

வடமாநிலம் வந்து சேர்ந்தாலும் இனிப் பாதுகாப்பில்லை. பிரிட்டிஷ் ஆட்சியில் இருந்த கனடா வரை போனால்தான் நிம்மதி. பிலடெல்பியாவில் 1852-ம் ஆண்டு டிசம்பரில் விழிப்புக் குழு புதிதாக அமைக்கப்பட்டபோது, அதன் செயற்குழுவுக்கு வில்லியம் ஸ்டில் தலைவரானார். வந்தவருக்கு முதலில் சாப்பாடு, குளியல், மாற்றுடை. நோயாளியானால் வைத்தியர். பிறகு வில்லியம் எதிரே அமர்ந்து விசாரணை. அந்த விசாரணைக்கு இன்னொரு காரணமும் இருந்தது: வேவு பார்க்க வருகிறவர்களும் உதவித்தொகைக்காகக் கதை கட்டி வருகிறவர்களும் உண்டு. நல்ல கணக்கப்பிள்ளைக்கு உரிய கண்ணோடு அவர் கேள்விகள் கேட்டார். அதன்பின் சீட்டு வாங்கிக் கொடுத்து நியூயார்க் வழியாகக் கனடாவுக்கு அனுப்பி வைப்பார்.

இந்தப் பாதையின் தென்கோடியில், டெலவேர் மாநிலத்தின் வில்மிங்டன் நகரத்தில், தாமஸ் காரெட் என்னும் இரும்பு வியாபாரி இருந்தார். அடிமைகளுக்கு உதவிய குற்றத்துக்காக 1848-ல் அவருக்குப் பெரும் அபராதம் விதிக்கப்பட்டது. அதற்குப் பிறகும் அவர் முன்போலவே கடையைத் திறந்தார். முன்போலவே ஆட்களை அனுப்பினார். புகழ்பெற்ற ஹாரியட் டப்மன் அம்மையாரும் இந்தப் பாதையில் வந்தவர்தாம். 1849-ல் தாம் தப்பியது போதாதென்று, சுமார் பதின்மூன்று முறை மேரிலாந்துக்குத் திரும்பிச் சென்று எழுபது பேர் வரை மீட்டு வந்த வீராங்கனை அவர். 1854-ம் ஆண்டு கடைசியில் அவர் ஒரு கூட்டத்தை அழைத்து வந்தபோது அவருடைய செருப்பும் உடன் வந்த ஒருவருடைய செருப்பும் நடந்து நடந்து தேய்ந்து காலை விட்டே போய்விட்டன. புதிதாக வாங்கிக்கொள்ளக் காரெட் இரண்டு வெள்ளி கொடுத்த செய்தி, அவர் பிலடெல்பியாவுக்கு எழுதிய கடிதத்தில் இருக்கிறது. வில்லியம் அந்தக் கடிதத்தையும் பத்திரப்படுத்தினார்.

அவரிடம் வந்து சேர்ந்தவர்களின் கதைகளில் சிலவற்றையாவது சொல்லாமல் மேலே செல்ல மனம் வரவில்லை.

ரிச்மண்ட் நகரத்துப் புகையிலைத் தொழிற்சாலையில் ஹென்றி பிரௌன் என்றோர் அடிமை வேலை செய்தார். 1848-ல் அவருடைய மனைவி மக்களை அவர் கண்முன்னே விற்று வேறு மாநிலத்துக்கு ஓட்டிச் சென்றார்கள். இழப்பதற்கு இனி ஒன்றுமில்லை என்றானதும், 1849 மார்ச்சில் தம்மை ஒரு மரப்பெட்டிக்குள் வைத்து ஆணி அடிக்கச் செய்து, பார்சலாகப் பிலடெல்பியாவுக்கு அனுப்பிக்கொண்டார். பெட்டியின் நீளம் மூன்று அடி. அகலம் இரண்டு அடி. உயரம் மூன்று அடிக்கும் குறைவு. கொஞ்சம் தண்ணீரும் சில பிஸ்கோத்துகளும் உள்ளே. மேல்பக்கம் எது என்று பெட்டியில் எழுதியிருந்தும் சுமை தூக்குவோர் அதைப் பார்க்கவில்லை. நம் சரக்குக்கு நேரும் கதிதான். சில வேளை தலைகீழாகக் கிடந்து, கண்களில் இரத்தம் ஏறித் துடித்தார். வண்டியிலும் ரயிலிலும் கப்பலிலுமாக ஏறத்தாழ 27 மணி நேரம். பெட்டியை உடைத்தபோது அருகே நின்ற ஒருசிலரில் வில்லியமும் ஒருவர். உள்ளிருந்தவர் எழுந்து கை நீட்டி எல்லாரையும் வணங்கினார். பெட்டியை அனுப்பி வைத்த சாமுவேல் ஸ்மித் என்ற வெள்ளையர் மீண்டும் இருவரை அவ்வாறே அனுப்ப முயன்று அகப்பட்டுக்கொண்டு பல ஆண்டு சிறையில் கிடந்தார்.

இன்னொன்று கப்பல் கதை. வர்ஜீனியாவின் நார்ஃபோக் துறைமுகத்தில் கோதுமை ஏற்றிய ஒரு பாய்க்கப்பல் புறப்படத் தயாராக நின்றது. 1855-ம் ஆண்டு நவம்பர் மாதம். கப்பலில் 21 அடிமைகள் ஒளிந்திருந்தார்கள். செய்தி கசிந்து, நகரத் தலைவரே கோடரியும் ஈட்டியும் ஏந்திய ஆட்களுடன் வந்து கப்பலைச் சோதித்தார். கோதுமைக் குவியலில் ஈட்டியால் குத்திப் பார்த்தார்கள். தளத்தின் பலகைகளைக் கோடரியால் பிளந்தார்கள். ஃபவுண்டன் என்ற அந்தக் கப்பல் தலைவர் முகத்தில் ஒரு சலனமும் காட்டவில்லை. அவர்களுடைய கோடரியைத் தாமே வாங்கி, எந்த இடத்தில் வெட்ட வேண்டுமென்று கேட்டுக் கேட்டு ஓங்கி வெட்டினார். கப்பல் பாழானாலும் கவலையில்லாத மனிதனிடம் மறைக்க என்ன இருக்கும் என்று நினைத்து அவர்கள் சலித்துப் போய் இறங்கிவிட்டார்கள். இருபத்தொரு பேரும் பத்திரமாக வந்து சேர்ந்து, வில்லியத்தின் புத்தகத்தில் பெயர் எழுதிக்கொண்டார்கள்.

ஓடி வந்தவர்களை ஏற்பதோடு அவர் நின்றுவிடவில்லை. 1855 ஜூலையில், அமெரிக்க அரசின் தூதர் ஜான் வீலர் என்பவர் ஜேன் ஜான்சன் என்ற அடிமைப் பெண்ணையும் அவளுடைய இரு பையன்களையும் அழைத்துக்கொண்டு பிலடெல்பியா வழியாகப் போனார். தனக்கு விடுதலை வேண்டுமென்று அவள் ஹோட்டல் சிப்பந்தியிடம் இரகசியமாகச் சொல்ல, செய்தி வில்லியத்துக்கு எட்டியது. அவரும் பாஸ்மோர் வில்லியம்சன் என்ற வெள்ளையரும் படகுத்துறைக்கு ஓடினார்கள். எசமானன் தானாகவே பென்சில்வேனியாவுக்குக் கொண்டு வந்த அடிமை, அந்த மாநிலச் சட்டப்படி சுதந்திர மனிதர். படகில் ஏறி, எசமானனின் முன்னிலையிலேயே அவளிடம் இதைச் சொன்னார்கள். அவள் எழுந்தாள், துறைமுகத்துச் சுமை கூலிகள் ஐவர் துணை நின்றார்கள், வில்லியம் தாயையும் பிள்ளைகளையும் வண்டியில் ஏற்றிக்கொண்டு மறைந்தார். வில்லியம்சன் நூறு நாள் அளவுக்குச் சிறையில் இருந்தார். வில்லியம் மீதும் கூலிகள் மீதும் வழக்கு நடந்தது. தன்னைப் பலவந்தமாகக் கடத்தினார்கள் என்ற பொய்யை உடைக்க, ஜேன் ஜான்சன் முகத்தை மூடிய வலையுடன் நீதிமன்றத்துக்கே வந்து, தானே விரும்பித்தான் சென்றதாகச் சாட்சி சொன்னாள். பிடிபட்டால் மீண்டும் அடிமை. அவள் சாட்சியத்தால் வில்லியம் விடுதலையானார். கூலிகளில் இருவருக்கு ஒரு வாரச் சிறை கிடைத்தது.

எல்லா முயற்சியும் வெற்றி பெறவில்லை. பீட்டர் தாயைக் கண்டடைந்தாரே ஒழிய, அவருடைய மனைவி வைனாவும் மூன்று பிள்ளைகளும் இன்னும் அலபாமாவில் அடிமைகள். சேத் காங்க்ளின் என்ற வெள்ளையர், எவ்வித ஊதியமும் இல்லாமல், அவர்களை மீட்டு வரத் தாமாக முன்வந்தார். 1851-ல் அந்நால்வரையும் ஒரு சிறு படகில் ஏற்றி, டென்னஸி ஆற்றிலும் ஒகையோ ஆற்றிலுமாக ஏழு இரவு பகல் துடுப்புப் போட்டு இண்டியானா வரை கொண்டு வந்துவிட்டார். அங்கே பிடிபட்டார்கள். குடும்பம் எசமானனிடம் திரும்பியது. காங்க்ளினின் பிணம் ஆற்றில் கிடந்தது, கைகால்களில் விலங்கு பூட்டப்பட்டிருந்தது, மண்டை உடைந்திருந்தது. அந்த எசமானன் பிறகு வில்லியத்துக்கே கடிதம் எழுதினான்: நால்வருக்கும் விலை 5,000 வெள்ளி. பீட்டர் ஊர் ஊராகச் சென்று தம் கதையைச் சொல்லி, கையேந்தி, 1854-ம் ஆண்டு முடிவில் முழுத்தொகையையும் கட்டித் தம் மனைவி மக்களை மீட்டார்.

புத்தகத்தை மறைத்தது

அந்தக் குறிப்பேடு வேண்டாதவர் கையில் அகப்பட்டிருந்தால் என்ன ஆகியிருக்கும் என்பதை எண்ணிப் பார்க்க வேண்டும். தப்பியவரின் பழைய பெயர், புதிய பெயர், உதவியவர் யார் என்பதெல்லாம் ஒரே இடத்தில் இருக்கின்றன. அடிமை பிடிப்பவர்களுக்கு அதைவிட நல்ல வழிகாட்டி கிடையாது. இந்தக் காரணத்தாலேயே மற்ற ஊர்களில் இருந்தவர்கள் எழுதுவதையே விட்டார்கள். எழுதியதைத் தீயில் இட்டவர்களும் உண்டு. 1859-ல் ஜான் பிரௌன் ஹார்ப்பர்ஸ் பெர்ரியில் ஆயுதக் கிளர்ச்சி செய்து தூக்குத் தண்டனை பெற்றபோது, அவருடைய மனைவிக்கு வில்லியம் தம் வீட்டில் இடம் கொடுத்தார். அரசாங்கத்தின் கண் அவர்மேல் விழக்கூடிய காலம் அது. எனினும் அவர் புத்தகத்தை எரிக்கவில்லை. லெபனான் கல்லறைத் தோட்டத்துக் கட்டடத்தில் அக்காகிதங்கள் ஒளித்து வைக்கப்பட்டிருந்தன. எழுதியது தவறு என்று அக்காலத்தில் சிலர் கூறியிருந்தால், அதையும் நாம் முட்டாள்தனம் என்று தள்ள மாட்டோம். ஒரு புத்தகத்துக்காக நூற்றுக்கணக்கானவர்களின் உயிரைப் பணயம் வைத்தார் என்பது உண்மை. அந்தப் பணயம் வீண் போகவில்லை என்பதும் உண்மை. அவரால் உதவி பெற்றவர்கள் சுமார் 800 பேர் என்று கணக்கிடுகிறார்கள்.

1861-ல் உள்நாட்டுப் போர் மூண்டது. வில்லியம் சங்க வேலையை விட்டு வியாபாரத்தில் இறங்கினார். முதலில் அடுப்பு வியாபாரம். பின்பு நிலக்கரிக் கிடங்கு. பிலடெல்பியாவின் கடுங்குளிரில் இரண்டுக்கும் கிராக்கி இருந்தது. கறுப்பினப் போர்வீரர்கள் பயிற்சி பெற்ற வில்லியம் பென் முகாமுக்குச் சாமான் வழங்கும் உரிமையும் அவருக்குக் கிடைத்தது. ஒரு நாள் முகாமிலிருந்து திரும்பும்போது டிராம் வண்டியில் ஏறி அமர்ந்தார். கறுப்பர் உள்ளே அமரக்கூடாதென்று நடத்துநர் வெளியே போகச் சொன்னார். பனி கொட்டிக்கொண்டிருந்தது. கட்டணம் செலுத்தியவர் வண்டியின் வெளிமேடையில் நிற்க வேண்டும். அவர் இறங்கி நடந்தே போனார். நடந்ததைப் பத்திரிகைக்கு எழுதினார். இந்த அநீதியை எதிர்த்து அவர் 1859-லிருந்தே மனுக்கள் அனுப்பி வந்தவர். எட்டு ஆண்டு விடாமல் போராடியபின், 1867-ல் டிராம் வண்டிகளில் நிற வேற்றுமை காட்டுவதைத் தடுக்கும் சட்டம் பென்சில்வேனியாவில் நிறைவேறியது.

அவர் எல்லாருக்கும் நல்லவராக இருக்க முயன்றவரல்லர். 1874-ல் நகரத் தலைவர் தேர்தலில் தம் இனத்தார் வழக்கமாக ஆதரித்த கட்சியை விட்டு எதிரணி வேட்பாளரை ஆதரித்தார். தம்மவர்களே சினந்தார்கள், கடையைப் பகிஷ்கரிக்க வேண்டுமென்ற பேச்சும் எழுந்தது. அவர் பொதுக்கூட்டம் கூட்டித் தம் காரணங்களைச் சொன்னாரேயன்றிப் பின்வாங்கவில்லை. வாடிக்கைக்காரர்களின் முகம் பார்த்துப் பேசிப் பழகிய நமக்கு இது எவ்வளவு கடினம் என்பது தெரியும்.

போர் முடிந்து, 1865-ல் அடிமை முறை சட்டப்படி ஒழிந்தபின், ஒளித்து வைத்த காகிதங்கள் வெளியே வந்தன. சங்கத்தார் கேட்டுக்கொண்டபடி அவற்றை ஒழுங்குபடுத்தி, 1872-ல் பாதாள ரயில்பாதை என்ற பெயரிலேயே ஏறத்தாழ 800 பக்கங்கள் கொண்ட பெரிய நூலாக வெளியிட்டார். விற்பனையைப் புத்தகக் கடைகளுக்கு விட்டுவிடாமல், ஊர்தோறும் ஏஜெண்டுகளை அமர்த்தி வீடு வீடாகச் சந்தா சேர்த்து விற்றார். வியாபாரி அல்லவா! நல்ல காகிதம், நல்ல படங்கள், நல்ல கட்டுமானம் என்று பிடிவாதமாக இருந்தார். இப்பாதையைப் பற்றி மற்றவர்கள் எழுதிய நூல்களில் உதவி செய்தவர்களின் பெருமைதான் அதிகம். வில்லியத்தின் நூலில் தப்பி வந்தவர்களே நாயகர்கள். பெயரோடும் வயதோடும் சொந்தத் துணிவோடும் வருகிறார்கள்.

பிள்ளைகளைப் படிக்க வைத்தார். மகள் கரோலின் 1878-ல் மருத்துவப் பட்டம் பெற்றார். அமெரிக்காவின் முதல் கறுப்பினப் பெண் டாக்டர்கள் சிலரில் அவர் ஒருவர். 1888-ல் மருமகன் மாத்யு ஆண்டர்சன் பெரியன் சேமிப்புச் சங்கத்தைத் தொடங்கியபோது வில்லியம் உடன் நின்று உதவினார். வங்கிகள் கடன் தர மறுத்த கறுப்பினக் குடும்பங்கள் சொந்த வீடு வாங்குவதற்கு அச்சங்கம் வழி செய்தது. ஏழை முதியோர் இல்லத்துக்கும் உழைத்தார்.

1902-ம் ஆண்டு ஜூலை 14-ம் நாள், தமது எண்பதாம் வயதில், வில்லியம் ஸ்டில் பிலடெல்பியாவில் காலமானார்.

அவரும் லெட்டிஷியாவும் 1850-களில் குடியிருந்த சிறிய வீடு எது என்பது வெகுகாலம் மறைந்து கிடந்தது. ஆராய்ச்சியாளர்கள் பழைய பத்திரிகை விளம்பரங்களையும் பத்திரங்களையும் தேடி அதைக் கண்டுபிடித்தார்கள். 2018-ல் அந்நகரம் அதை வரலாற்றுச் சின்னமாகப் பதிவு செய்தது. அவர் கைப்பட எழுதிய குறிப்பேடு பென்சில்வேனியா வரலாற்றுச் சங்கத்தின் பாதுகாப்பில் இருக்கிறது. தங்கள் பாட்டன் பூட்டன் யார், எந்த ஊரிலிருந்து எப்படி வந்தார் என்று தேடுகிறவர்கள் இன்றும் அதன் பக்கங்களைப் புரட்டுகிறார்கள். லெவின், சிட்னி தம்பதிகளின் வழித்தோன்றல்கள் நியூ ஜெர்சியின் லான்சைடு என்ற ஊரில் கோடைக்காலத்தில் குடும்பமாகக் கூடும் வழக்கத்தை நூறாண்டுக்கு மேலாக நடத்தி வந்திருக்கிறார்கள். பீட்டரின் வழியில் வந்தவர்களும் வில்லியத்தின் வழியில் வந்தவர்களும் அங்கே ஒரே பந்தியில் அமர்ந்து உண்டிருக்கிறார்கள்.